உப்பு எவ்வளவு, மணி என்ன?

இந்த வாரம் ஒரு மருத்துவ விஷயம். நான் டாக்டர் இல்லை. சர்க்கார் ஆபீசில் ரிஜிஸ்தர் எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் நான் சொல்ல வருவதில் பாதி ரிஜிஸ்தர் சம்பந்தப்பட்டது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் உப்பு குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குணமாகி வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருடைய டிஸ்சார்ஜ் சீட்டிலும் இரண்டு விஷயங்கள் எழுதப்பட வேண்டும். ஒன்று, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு உப்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு. இன்னொன்று, “வரும் மாதங்களில் கை கால் நடுக்கம், விறைப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே திரும்பி வரவும்” என்ற ஒரே ஒரு வரி.

உப்பு என்றதும் நம் பக்கத்தில் பலர் சிறுநீரகத்தை நினைப்பார்கள். “கிட்னியில உப்பு ஏறிடுச்சு” என்று சொல்வது கிரியாட்டினின், யூரியா பற்றியது. நான் சொல்வது வேறு. சோடியம் என்று ரிப்போர்ட்டில் போடுவார்களே, அது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. அது 120க்குக் கீழே இறங்கினால் மனிதர் மனிதராக இருப்பதில்லை. தூங்கிக்கொண்டே இருப்பார், எதிரில் நிற்கும் மகனை யார் என்று கேட்பார், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். பக்கவாதம் என்று நினைத்துத்தான் வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் சுற்று வட்டாரத்தில், வயதானவர்களுக்கு இது வருவதற்கு எல்லா வசதியும் உண்டு. பி.பி.க்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இவர்கள் ஒரேயடியாக நிறுத்தியிருப்பார்கள். சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை ஒன்று பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்திருக்கும். பல் இல்லாததால் கஞ்சி, டீ, ரொட்டி என்று காலம் ஓடும். சித்திரை வெயிலுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள். இதற்கு நடுவில் இரண்டு நாள் வாந்தி பேதி வந்தால் போதும். இன்னொரு கூட்டம் உண்டு: சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடியிலேயே இருப்பவர்கள். அவர்களுக்கு உப்போடு பொட்டாசியமும் குறைந்திருக்கும். பின்னால் சொல்லப்போகும் ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல்.

சரி, உப்பு குறைந்தால் உப்பை ஏற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

வீட்டில் மாவடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டு திரண்ட வடுவைக் கல் உப்பில் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டொரு நாளில் தோல் சுருங்கிப்போகும், ஜாடியில் தண்ணீர் நிற்கும். வெளியே உப்பு அதிகம் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். வெளியே உப்பு குறைவு என்றால் தண்ணீர் உள்ளே போகும். மூளையிலுள்ள அணுக்களுக்கும் இதே கதைதான். ரத்தத்தில் உப்பு குறைந்ததும் அவை தண்ணீரை உறிஞ்சி வீங்கப் பார்க்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் அணுக்கள் தங்களிடம் இருக்கும் உப்பையும் வேறு சில சத்துகளையும் வெளியே தள்ளிவிட்டு, இரண்டு நாளுக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். குறைந்த உப்பிலேயே வாழப் பழகிக்கொள்ளும்.

இப்படிப் பழகிய மூளைக்கு ஒரே ராத்திரியில் உப்பை ஏற்றினால், தள்ளிவிட்ட சத்துகளைத் திரும்பச் சேர்க்க அணுக்களுக்கு நேரம் கிடைக்காது. மாவடு போலச் சுருங்கும். அதிலும் முதலில் அடிபடுவது நரம்புகளுக்கு உறை செய்து தரும் அணுக்கள். அந்த உறைக்கு மயலின் என்று பெயர். பம்ப் செட்டுக்குப் போகும் கேபிளுக்கு மேல் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கு. அந்த உறை நடுநடுவே சிறு இடைவெளி விட்டுத்தான் இருக்கும். அந்த இடைவெளிகளை விவரித்தவர் ரான்வியே என்ற பிரெஞ்சுக்காரர், இன்றும் அவர் பெயரிலேயே அவை வழங்குகின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்த மாதிரிப் பெயர்கள் கண்ணில் பட்டால் ஒரு சின்ன சந்தோஷம். உறை போனால் கம்பி இருந்தும் பயனில்லை. மூளைத் தண்டில் பான்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. பாலம் என்று அர்த்தம். மூளைக்கும் உடம்புக்கும் போகிற வருகிற செய்தி எல்லாம் அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். உறை அங்கே உரிந்தால் பேச்சு, விழுங்குதல், கை கால் எல்லாம் போய்விடும். மிக மோசமான நிலையில், நினைவு முழுக்க இருந்தும் கண்ணை மட்டும் அசைக்க முடிகிற ஆளாகப் படுத்திருப்பார்.

இந்த நோயை முதன்முதலில் எழுதி வைத்தது 1959ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஆடம்ஸ், விக்டர், மான்கால் என்ற மூன்று டாக்டர்கள், குடியாலும் பட்டினியாலும் நலிந்த நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குடியும் ஊட்டமின்மையும்தான் காரணமாக இருக்கும் என்று அப்போது நினைத்தார்கள். கை சலைன் பாட்டிலின் பக்கம் திரும்பச் சுமார் இருபது வருடம் ஆயிற்று. 1981இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். உப்பு குறைந்த எலிகளில், வேகமாக உப்பை ஏற்றியவற்றுக்கு உறை உரிந்தது. குறைந்தபடியே விட்டவற்றுக்கு உரியவில்லை. 1986இல் ஸ்டெர்ன்ஸ் என்ற சிறுநீரக நிபுணரும் அவரைச் சேர்ந்தவர்களும் எட்டு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நாளொன்றுக்கு 12 புள்ளிக்கு மேல் உப்பு ஏறியிருந்தது.

அதிலிருந்துதான் டாக்டர்கள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளுக்கு மேலாக உப்பு குறைந்திருக்கும் ஆளுக்கு, 24 மணி நேரத்தில் 10 புள்ளிக்கு மேல் ஏற விடக்கூடாது. குடிப்பழக்கம், ஊட்டக்குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியம் குறைவு இருந்தால், அல்லது உப்பு 105 அளவுக்கு இறங்கியிருந்தால், 8 புள்ளிதான். வலிப்பு வந்து உயிர் ஊசலாடும்போது முதல் சில மணி நேரத்தில் ஒரு 4, 5 புள்ளியைச் சீக்கிரம் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கப்புறம் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆகவே “ஏன் சார் இன்னும் சரி பண்ணல, நாலு நாளா வெச்சிருக்கீங்களே” என்று டாக்டரிடம் சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெதுவாகச் செய்கிற டாக்டர்தான் இந்த விஷயத்தில் ஒழுங்கான டாக்டர்.

இதுவரை சொன்னது படித்த டாக்டர் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் நழுவிப்போவது இதற்கு அடுத்த கட்டம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

உறை உரிவது பாலத்தில் மட்டும் நடப்பதில்லை. மூளையின் நடுவில், நம் அசைவுகளைச் சீராக்கித் தரும் முடிச்சுகள் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் கெட்டுப்போகும் வேலை அந்த முடிச்சுகளின் வேலைதான். அங்கேயும் உறை உரியலாம். அப்படி நடந்தால் உடனே தெரியாமல் போகலாம். உப்பு சரியானதும் ஆள் தெளிவாகிவிடுவார், வீட்டுக்கு வந்துவிடுவார், கஞ்சி குடிப்பார், பேரனைக் கூப்பிடுவார். வாரங்கள் போகும், சிலருக்கு மாதங்கள் போகும். பிறகு ஒரு கை நடுங்கும். பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நடை சின்னச் சின்ன அடியாகிவிடும். முகத்தில் பாவம் போய்விடும், குரல் இறங்கிவிடும். 1991இலேயே பிரான்சின் போர்தோ நகரத்து டாக்டர்கள், இந்த நோயின் பின்விளைவாகத் தாமதமாக வரும் அசைவுக் கோளாறுகள் என்று தலைப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். ஏன் தாமதம் என்பதற்கு, சேதப்பட்ட இடம் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது இணைப்புகள் தாறுமாறாக அமைந்துவிடுவதால் என்று கருதுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் டாக்டர்கள் 25 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் எழுதினார்கள். உப்பு 115க்குக் கீழே போனவர்கள், கூடவே பொட்டாசியமும் குறைந்தவர்கள், சேரும்போதே நினைவு மங்கியிருந்தவர்கள் ஆகியோருக்குத்தான் முடிவு மோசமாக இருந்தது. அதே சமயம் நன்றாகத் தேறியவர்களும் கணிசமாக உண்டு. இது கைவிட வேண்டிய நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள், வயது அறுபதைத் தாண்டியது. பெயர் வேண்டாம். பி.பி. மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, இரண்டு நாள் வாந்தி; நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே. ராத்திரி ஒரு ஆஸ்பத்திரி, விடிந்ததும் இன்னொரு ஆஸ்பத்திரி. ஆறாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். இரண்டரை மாதம் கழித்து வலது கை விறைக்க ஆரம்பித்தது. “வயசாயிடுச்சில்ல” என்றார்கள். பிறகு “வாதம்” என்று எண்ணெய் தேய்த்தார்கள். யாரோ செய்வினை என்று சொல்லி ஒரு தகடு எடுத்தார்கள், அதற்கு நாலாயிரம் ரூபாய். கடைசியில் நரம்பு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்ப சோடியம் எவ்வளவு இருந்துச்சு? எத்தனை மணி நேரத்துல ஏத்துனாங்க?”

மகன் கையில் இருந்த சீட்டில் ஒரே வரிதான்: உப்புக் குறைவு, சரி செய்யப்பட்டது.

அந்த டாக்டர் நல்லவர். எம்.ஆர்.ஐ. பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். இந்த வகைக் கோளாறில் சிலருக்கு அது கேட்கும், சிலருக்குக் கேட்காது. இந்த அம்மாளுக்கு ஓரளவு கேட்டது. பயிற்சியும் சேர்ந்து, இப்போது தானே சாப்பிடுகிறார். கோலம் மட்டும் போட முடியவில்லை. மகன் என்னிடம் வந்து, “சார், அவங்க வேகமா ஏத்துனதாலதான் இப்படி ஆச்சா?” என்று கேட்டான். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கணக்கு எழுதப்படவில்லை.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் கொஞ்ச நாள் புதுச்சேரியில் எத்தா சிவில் ரிஜிஸ்தர் எழுதியிருக்கிறேன். பிறப்பு, கல்யாணம், சாவு பதியும் புத்தகம். பிரெஞ்சுக்காரன் வைத்துப்போன முறைப்படி, ஒரு குழந்தை பிறந்ததை எழுதும்போது தேதி மட்டும் போதாது, எத்தனை மணிக்கு என்றும் எழுத வேண்டும். இளம் வயதில் எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். இரட்டைக் குழந்தைகளில் யார் மூத்தவர் என்று எழுபது வருடம் கழித்து வாரிசு வழக்கு வரும்போதுதான் அந்த மணியின் அருமை தெரியும். எழுதுகிறவனுக்கு அன்றைக்கு அது தேவைப்படாது. தேவைப்படப்போகிறவர் இன்னும் வந்து சேரவில்லை.

உப்புக் கணக்கும் அந்த மாதிரிதான். 24 மணி நேரத்தில் எவ்வளவு என்பதுதான் சட்டம் என்றால், முதல் எண்ணும் முதல் மணியும் இல்லாமல் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் ஊரின் இருப்பிடத்தைப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்தின் ஓரம். ஒரு பக்கம் கடலூர் மாவட்டம், கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர், மயிலாடுதுறை. அவசரம் என்றால் முதலில் ஜெயங்கொண்டம். அங்கிருந்து ஒருவர் 2022இல் திறந்த அரியலூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவார், ஒருவர் சிதம்பரம் போவார், ஒருவர் கும்பகோணம், தஞ்சாவூர், வசதி உள்ளவர் திருச்சி, இன்னொருவர் ஜிப்மர். முதல் நாளுக்குள்ளேயே இரண்டு மூன்று இடம் மாறுவது சாதாரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராத்திரி பத்து மணிக்கு முதல் இடத்தில் உப்பு 106 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஏறுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு இரண்டாவது இடத்தில் எடுக்கிறார்கள்: 113. ஏற்கெனவே 7 புள்ளி ஏறியாயிற்று. அன்று ராத்திரி பத்து மணி வரை கிட்டத்தட்ட நிறுத்தியே வைக்க வேண்டும். ஆனால் 106 என்ற எண் கூட வரவில்லை என்றால், அந்த டாக்டருக்கு ஆரம்பமே 113தான். அவரும் வரம்புக்கு உட்பட்டு 8 புள்ளி ஏற்றுவார். இரண்டு பேருமே சரியாகச் செய்தார்கள், நோயாளிக்கு மட்டும் ஒரு நாளில் ஏறக்கூடாத அளவு ஏறிவிட்டது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. வாந்தி நின்று, பி.பி. மாத்திரையும் நிறுத்தப்பட்டதும், உடம்பு தானாகவே தண்ணீரைச் சிறுநீராகத் தள்ளி உப்பைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். அதனால்தான் சில மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வரம்பு மீறி ஏறிவிட்டால் இறக்குவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஏறியது தெரிந்தால்தானே இறக்க முடியும்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் எனக்குத் தெரியும். முதலாவது, இது மிக அபூர்வம் என்பார்கள். உண்மைதான். கனடாவின் டொரன்டோவில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் உப்புக் குறைவோடு நடந்த 22,858 சேர்க்கைகளின் விவரங்களைப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். இந்த நோய் வந்தது 12 பேருக்கு. அதற்காக அந்த 12 பேரை விட்டுவிட முடியுமா? தவிர, ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தெரிந்ததைத்தான் அப்படி எண்ண முடியும். மாதம் கழித்து வீட்டில் கை விறைத்து, தகடு எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாள் எந்தக் கணக்கில் வருவார்? மேலும் அந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டரில் எல்லா எண்ணும் மணியோடு இருந்ததால்தான் அவர்களால் எண்ணவே முடிந்தது.

இரண்டாவது, எண்ணை எழுதிக் கொடுத்தால் நாளைக்கு டாக்டர் மேல் வழக்கு போடுவார்கள் என்ற பயம். அதே டொரன்டோ கணக்கைப் பாருங்கள். அந்த 12 பேரில் 7 பேருக்கு வரம்புக்குள்தான் உப்பு ஏறியிருந்தது. மெதுவாக ஏற்றினாலும் சிலருக்கு இது வரும். அப்படி ஒரு நோயாளி வந்தால் டாக்டரைக் காப்பாற்றுவது எது? எழுதி வைத்த எண்ணும் மணியும்தான். எழுதாத இடத்தில்தான் ஜனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒன்றை எழுதிக்கொள்வார்கள். ஆபீசில் நான் கண்ட அனுபவமும் அதுவே.

மூன்றாவது, வார்டில் கூட்டம், நேரமில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஹவுஸ் சர்ஜன் பொடியன் ராத்திரி முழுக்க எத்தனை பேரைப் பார்ப்பான்? ஆனால் லேப் சீட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன, மணி அதில் அச்சாகியே இருக்கிறது. கேஸ் ஷீட்டில் ஒட்டி ஆஸ்பத்திரியிலேயே போய்விடுகிறது. அந்த நாலைந்து எண்களை டிஸ்சார்ஜ் சீட்டில் எடுத்து எழுத இரண்டு நிமிடம். எச்சரிக்கை வரிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்தால் அரை நிமிடம்.

வீட்டுக்குப் போன பிறகு பார்ப்பதற்கும் புது ஆள் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதே திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறவர்களும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் நோட்டில், உப்புக் குறைந்து ஆஸ்பத்திரி போய் வந்தவர்களுக்கு எதிரே ஒரு குறி போட்டு, ஆறு மாதம் வரை “கை நடுங்குதா, கால் முறுக்குதா, பேச்சு குழறுதா” என்று கேட்டு வந்தால் போதும். ஆம் என்றால் பயிற்சியாளருக்கும் டாக்டருக்கும் ஒரு தகவல்.

சர்க்கார் செய்யும் வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வீட்டில் யாருக்காவது உப்புக் குறைவு என்று சொன்னால், ஒவ்வொரு லேப் சீட்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஏற ஆரம்பித்த மணியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மாறும்போது அந்தத் தாளை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். குடிப்பவராக இருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள், வரம்பே மாறுகிறது. பி.பி. மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதில் சிறுநீர் மாத்திரை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, உப்பு எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். முதல் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நோய் தொடங்கிய முதல் நாட்களில் படம் சுத்தமாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் சிலருக்கு, பாலத்தின் நடுவில் திரிசூலம் போல வெள்ளையாகத் தெரியும். திரிசூல அடையாளம் என்றே டாக்டர்களும் சொல்கிறார்கள். மாதம் கழித்து நடுக்கம் வந்தால், பழைய தாளை எடுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போங்கள்.

அந்த அம்மாளின் மகன் இப்போது தன் அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறான். லெவோடோபா கொடுத்த மணி, கை இளகிய மணி, மறுபடி விறைத்த மணி எல்லாம் அதில் இருக்கின்றன. போன முறை டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாத்திரையை மூன்று வேளையிலிருந்து நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தாராம். மத்தியான நேரத்து விறைப்பு இப்போது குறைந்திருக்கிறது என்கிறான்.